தொடக்கப் பள்ளி நூலகத்தை மதிப்பிட்டு மேம்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

ஒரு தொடக்கப் பள்ளியின் நூலகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் விடை புத்தகங்களின் எண்ணிக்கைதான். அந்த எண், வந்து சேரும் புத்தகங்களை வரிசையெண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்கிறதே தவிர, பிள்ளைகளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அடுத்த இரண்டும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பவை எஞ்சியவை. தொடக்கப் பள்ளி நூலகத்தை மதிப்பிட இவற்றைவிடத் தெளிவான அளவுகோலை நான் கண்டதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைப் பின்தொடர்கிறது: இந்தப் பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் அவர் விரும்பிப் படிக்கக்கூடிய ஒரு புத்தகம் போய்ச் சேர்கிறதா? சேரவில்லையென்றால், எந்தப் பிள்ளைக்கு, எதனால்?

மதிப்பீட்டுக்கு ஒரு பருவமும், அதன் அடிப்படையிலான மாற்றங்களுக்கு ஓராண்டும் ஒதுக்குவது நடைமுறைக்கு ஏற்றது. ஒரே வாரத்தில் முடிக்கப்படும் மதிப்பீடு, ஏற்கெனவே நாம் நம்பியிருந்ததையே மீண்டும் எழுதித் தரும்.

படி 1: குழுவையும் கேள்விகளையும் முடிவு செய்தல்

நூலகர் அல்லது நூலகப் பொறுப்பாசிரியர், தலைமையாசிரியர், கீழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர், மேல் வகுப்பு ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர் என்று ஐந்து பேர் போதும். இந்தப் பணி நூலகரின் குறைகளைத் தேடுவதற்காக அல்ல என்பதைத் தலைமையாசிரியர் முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பதிவேடுகள் அழகாக நிரப்பப்படுமே ஒழிய உண்மை வெளியே வராது. விடை தேட வேண்டிய கேள்விகளை நான்குக்கு மேல் போகாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எண்ணுவதற்கு முன் கவனித்தல்

இரண்டு வாரங்களுக்கு, நூலகப் பாடவேளைகளின்போது ஒருவர் ஓர் ஓரமாக அமர்ந்து, யாரையும் திருத்தாமல், நடப்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். வகுப்பு எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தது, முதல் பிள்ளை எப்போது புத்தகத்தைத் திறந்தார், கடைசிப் பிள்ளை எப்போது திறந்தார், எந்த அடுக்கின் முன் கூட்டம் சேர்ந்தது, எந்த அடுக்கின் பக்கம் யாருமே போகவில்லை, பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்டவை என்ன, அவற்றுக்குக் கிடைத்த விடை என்ன ஆகியவை குறிப்பில் இருக்க வேண்டும். பிள்ளைகள் பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதுங்கள். "பேய்க் கதை இருக்கா?" என்று கேட்டதை "கதை நூல் கோரினார்" என்று மாற்றி எழுதினால், அந்தக் கேள்வியிலிருந்த செய்தி தொலைந்துவிடும்.

ஒரு பள்ளியில் நான் இவ்வாறு கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தபோது, 40 நிமிடப் பாடவேளையில் வரிசையாக நடந்து வருவதற்கு 6 நிமிடங்களும், பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துப் புதியதைப் பதிவு செய்யும் வரிசையில் நிற்பதற்கு 17 நிமிடங்களும் போயின. எஞ்சிய நேரத்தில்தான் தேடுதல், தேர்ந்தெடுத்தல், படித்தல் மூன்றும் நடந்தாக வேண்டும். அங்கே பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்றுதான் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார்கள். காலை வருகைப் பதிவின்போதே வகுப்பறையில் ஒரு கூடை வைத்துத் திரும்ப வரும் புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டதும் அந்த வரிசை பாதியாகக் குறைந்தது. வாசகரின் நேரத்தைச் சேமித்தல் என்னும் நான்காவது விதி, ஏழு வயது வாசகருக்கும் உரியது.

கவனிப்பின்போது தனியாகக் குறிக்க வேண்டியவர்கள் இரண்டு வகையினர். கடைசி நிமிடத்தில், அட்டையைக்கூடப் பாராமல், கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள் ஒரு வகை. வாரந்தோறும் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும் பிள்ளைகள் மற்றொரு வகை. முதல் வகையினர் இரவல் பதிவேட்டில் நல்ல வாசகர்களாகத் தெரிவார்கள். உண்மையில் அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, அல்லது தேர்ந்தெடுக்கும் அளவுக்கு எதுவும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. இரண்டாம் வகையினரைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. பிடித்த கதையைப் பத்து முறை படிப்பது, வாசிப்பில் சரளம் பெறுவதற்கான இயல்பான வழிகளில் ஒன்று.

படி 3: இரவல் பதிவேட்டிலிருந்து கணக்கிடுதல்

பதிவேடு கணினியில் இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தில் இருந்தாலும், கடந்த ஓராண்டுக்கான கணக்கைப் போட முடியும். மொத்த இரவல்களைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எத்தனை இரவல் என்பதும், புத்தகங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு புத்தகம் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை வெளியே போயிற்று என்பதும் கிடைக்கும். ஆனால் சராசரியோடு நின்றுவிடுவது பெரிய பிழை.

எடுத்துக்காட்டாக, 240 பிள்ளைகளும் 3000 புத்தகங்களும் உள்ள ஒரு பள்ளியில் ஆண்டுக்கு 4800 இரவல்கள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 20, புத்தகத்துக்கு 1.6, கேட்க மனநிறைவாக இருக்கிறது. பதிவேட்டைப் பிள்ளைவாரியாகப் பிரித்தால், 60 பிள்ளைகள் மட்டுமே 2900 இரவல்களை எடுத்திருக்கலாம்; 135 பிள்ளைகள் எஞ்சிய 1900-ஐப் பகிர்ந்துகொண்டிருக்கலாம்; 45 பிள்ளைகள் ஆண்டு முழுவதும் ஒரு புத்தகமும் எடுக்காமல் இருந்திருக்கலாம். மொத்தத் தொகையை மட்டும் அறிக்கையில் எழுதினால் அந்த 45 பேரும் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். ஆகவே எல்லாப் பிள்ளைகளின் இரவல் எண்ணிக்கையையும் ஏறுவரிசையில் அடுக்கி, நடுவிலுள்ள பிள்ளையின் எண் என்ன என்றும், பூச்சியத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்றும் வகுப்புவாரியாகப் பாருங்கள். என் கருத்தில், ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தைப் பற்றிய மிக முக்கியமான ஒற்றை எண் இந்தப் பூச்சியத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கைதான்.

அவர்கள் ஏன் எடுக்கவில்லை என்பதை ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும். இது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனாலும் இதைச் சுருக்கக்கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, அபராதத்துக்கு அஞ்சி வீட்டிலும் சொல்லாமல், அன்றிலிருந்து நூலகத்தையே தவிர்த்துவரும் பிள்ளை இருப்பார். வீட்டிலிருக்கும் கைக்குழந்தை கிழித்துவிடும் என்று அம்மா வாங்கி வரவேண்டாம் என்று சொல்லியிருப்பார். வகுப்பு வேலையை முடிக்காததற்குத் தண்டனையாக நூலகப் பாடவேளையில் வகுப்பறையிலேயே உட்கார வைக்கப்படுபவர் இருப்பார். படிப்பில் பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு நூலகப் பாடவேளையிலேயே அமைந்திருந்தால், வாசிப்புக்கான துணை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே புத்தகங்களிடமிருந்து விலக்கப்படுகிறார்கள். வீட்டில் பேசும் மொழியும் அடுக்கிலுள்ள புத்தகங்களின் மொழியும் வேறாக இருக்கலாம். எட்டு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு, தன்னைவிடச் சிறியவர்களுக்கான புத்தகத்தை எல்லோர் கண்ணெதிரிலும் எடுக்கக் கூச்சமாக இருக்கலாம். இவற்றில் புதிய புத்தகங்களை வாங்குவதால் தீரக்கூடியவை எத்தனை என்று பாருங்கள்; பெரும்பாலானவை விதிகளையும் அட்டவணையையும் மாற்றினால் தீர்பவை.

பிள்ளைகளின் இரவல் விவரத்தைப் பெயருடன் சுவரில் ஒட்டுவதும், அதிகம் எடுத்தவருக்குப் பரிசளிப்பதும் வேண்டாம். என்ன படிக்கிறோம், எவ்வளவு படிக்கிறோம் என்பது பிள்ளையின் சொந்த விஷயம். மேலும், எண்ணிக்கைக்குப் பரிசு வைத்த நூலகத்தில் ஒல்லியான புத்தகங்கள் மட்டுமே வேகமாக நகரும்.

படி 4: புத்தகத் தொகுப்பைச் சோதித்தல்

ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு, புத்தகம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். தரத்தை அறிய, அடுக்குகளின் வரிசைப்படி ஒவ்வொரு பத்தாவது புத்தகத்தையும் எடுத்து, அதன் வெளியீட்டு ஆண்டு, கடைசியாக இரவல் போன நாள், உடல் நிலை, பொருள், மொழி, வாசிப்பு நிலை ஆகியவற்றை ஓர் அட்டவணையில் நிரப்புங்கள். 3000 புத்தகங்கள் உள்ள இடத்தில் 300 புத்தகங்களைப் பார்த்தாலே முழுத் தொகுப்பின் உருவம் ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது கழித்தல், அதாவது பயனற்றுப்போன புத்தகங்களை அடுக்கிலிருந்து நீக்குதல். நூலகர்கள் மிகவும் தயங்கும் வேலை இது. புத்தகத்தைத் தூக்கி எறிவதா என்ற மன உறுத்தலும், தணிக்கையில் கேள்வி வருமே என்ற அச்சமும் புரிந்துகொள்ளக் கூடியவையே. ஆனால் நெருக்கியடித்த அடுக்கில் பத்துப் பழைய புத்தகங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நல்ல புத்தகம் பிள்ளையின் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நூலகங்களில் உருவான கழித்தல் முறை, ஒரு புத்தகத்தை நீக்குவதற்கு ஆறு காரணங்களைச் சொல்கிறது: தவறான தகவலைத் தருவது, கிழிந்தோ அழுக்கேறியோ சீரமைக்க முடியாமல் போனது, சிறந்த புதிய பதிப்போ நூலோ வந்துவிட்டது, உள்ளடக்கத்தில் மதிப்பற்றது, இந்த வாசகர்களுக்குத் தொடர்பில்லாதது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது. புளூட்டோவை ஒன்பதாவது கோளாகக் காட்டும் வானியல் புத்தகம் 2006-க்குப் பிறகு அடுக்கில் இருக்கக்கூடாது. தெற்கு சூடான் இல்லாத ஆப்பிரிக்க வரைபடம் 2011-க்கு முற்பட்டது. அறிவியல், தொழில்நுட்பம், உடல்நலம், புவியியல் ஆகிய துறைகளில் ஆண்டைக் கண்டிப்பாகப் பாருங்கள். நாட்டுப்புறக் கதைகளுக்கும் பாடல்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. ஐம்பது ஆண்டு பழைய கதையைப் பிள்ளைகள் இன்னும் எடுக்கிறார்கள் என்றால், அதற்குத் தேவை புதிய அட்டை மட்டுமே.

நீக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலைக் காரணத்துடன் தயாரித்து, பள்ளியின் விதிப்படி எழுத்துமூலமான ஒப்புதலைப் பெற்று, சேர்க்கைப் பதிவேட்டில் உரிய எண்ணுக்கு எதிரே நீக்கிய நாளைக் குறித்து, புத்தகத்தில் நீக்க முத்திரையும் இட்டால் தணிக்கையில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. தவறான தகவலுள்ள புத்தகத்தை இன்னொரு பள்ளிக்கு நன்கொடையாக அனுப்பாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு ஆகாதது வேறு பிள்ளைகளுக்கும் ஆகாது.

எஞ்சியவற்றில் என்ன குறைகிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சொற்களே இல்லாத படக்கதைகளும், ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகள் மட்டும் உள்ள புத்தகங்களும் போதுமான அளவில் வேண்டும். தொகுப்புகளில் பெரும்பாலும் இந்த இடம்தான் காலியாக இருக்கும். மெலிந்த புத்தகம் என்பதால் நன்கொடையாளர்கள் இவற்றைத் தேர்ந்தெடுப்பதும் குறைவு. கதை மட்டும் விரும்பாமல், விலங்கு, வண்டி, எலும்பு, எரிமலை என்று உண்மைச் செய்திகளைத் தேடும் பிள்ளைகளும் உண்டு. படக்கதை இதழ்களை வாசிப்பாகவே கருதாத மனப்பான்மை இருந்தால், அதை இந்த மதிப்பீட்டின்போதே கைவிட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகளுக்கான நூல்கள் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவும் பிறர் வாழ்வைப் பார்க்கவும் புத்தகம் உதவ வேண்டும் என்பது பொருள். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, புலம்பெயர்ந்து வந்த பிள்ளை ஆகியோருக்கு, தங்களைப் போன்ற ஒருவர் பரிதாபத்துக்குரியவராக அன்றிக் கதையின் நடுநாயகமாக வரும் புத்தகத்தை நீங்கள் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள்.

படி 5: இடமும் அடுக்கும் முறையும்

பள்ளியிலேயே மிகக் குட்டையான பிள்ளையை அழைத்துவந்து, கையை உயர்த்தச் சொல்லுங்கள். அந்தக் கைக்கு மேலே இருக்கும் தட்டுகள் எல்லாம் அவரைப் பொறுத்தவரை இல்லாதவையே. படப் புத்தகங்களை முதுகு தெரிய நெருக்கி அடுக்காமல், அட்டை முன்பக்கமாகத் தெரியும்படி வையுங்கள். முதுகுப் பகுதியிலுள்ள நுண்ணிய எழுத்தை ஆறு வயதுப் பிள்ளையால் படிக்க இயலாது, படத்தை அடையாளம் காண இயலும். எல்லாவற்றையும் இப்படி வைக்க இடம் போதாதென்றால், வாரந்தோறும் முப்பது புத்தகங்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்தாலும் போதும்.

அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட, புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் பள்ளிகள், தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளும் எண்களைத் தவிர்க்கலாம். தசம எண்களைக் கணிதப் பாடத்தில் இன்னும் தொடாத பிள்ளையிடம் அவற்றை வைத்துப் புத்தகம் தேடச் சொல்வது நியாயமன்று. 398 நாட்டுப்புறக் கதை, 523 கோள்களும் விண்மீன்களும், 599 பாலூட்டிகள் என்று மூன்று இலக்கங்களோடு நிறுத்தி, அருகில் பொருளின் படத்தையும் பெயரையும் ஒட்டினால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். வெளிச்சம், காற்றோட்டம், சுவரின் ஈரம், பூச்சி ஆகியவற்றையும் இந்தப் படியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: நேரம், விதிகள், ஆசிரியர்கள்

நூலகத்தின் கதவு பிள்ளைகளுக்காக வாரத்தில் உண்மையாகவே எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று கணக்கிடுங்கள். தேர்வு, கூட்டம், ஆசிரியர் விடுப்பு ஆகியவற்றால் ரத்தான நூலகப் பாடவேளைகளைக் கழித்த பிறகு வரும் எண்தான் உண்மையானது. ஒவ்வொரு வகுப்புக்கும் நிலையான பாடவேளை இருப்பது யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும். தேவைப்படும்போது வந்துபோகும் முறை, படித்து முடித்த அன்றே அடுத்த புத்தகத்தைப் பெற வழிசெய்யும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நிலையான பாடவேளையை வைத்துக்கொண்டே, காலையிலும் மதிய இடைவேளையிலும் இருபது நிமிடங்கள் கதவைத் திறந்து வைக்கலாம்.

விதிகளைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு உறுதியானது. தாமத அபராதத்தை நீக்கிவிடுங்கள். அபராதம் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவருவதைவிடப் பிள்ளையைத் திரும்ப வராமல் செய்வதில்தான் வல்லது. கிழிந்த புத்தகத்தை ஒட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு மேசை, அபராதச் சீட்டைவிட நல்ல பழக்கத்தைத் தரும். எத்தனை புத்தகங்கள் கிழிந்தன என்பதைத் தோல்வியாகக் கருதும் பள்ளியில் நூலகர் அடுக்குகளைப் பூட்டத்தான் செய்வார். சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை, வயது, பாலினம், மொழி, சமூக நிலை போன்ற வேறுபாடுகளின்றிப் பள்ளியிலுள்ள அனைவருக்கும் சேவை சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. நூலகத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பதைத் தண்டனையாகப் பயன்படுத்தும் வழக்கம் இதற்கு நேர் எதிரானது.

வகுப்பாசிரியர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டே. சென்ற மாதம் வகுப்பில் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டிய புத்தகம் எது? அடுத்த மாதம் நடத்தப்போகும் பாடத்துக்கு நூலகத்திலிருந்து என்ன வேண்டும்? இரண்டாவது கேள்விக்கான விடைகளை நூலகர் மாதத் தொடக்கத்திலேயே பெற்று, உரிய புத்தகங்களை ஒரு பெட்டியில் இட்டு வகுப்புக்கு அனுப்பினால், பாடமும் நூலகமும் இணைந்துவிடும். நூலகப் பாடவேளையை ஆசிரியர்களின் ஓய்வுநேரமாக மட்டும் நடத்தும் பள்ளியில் இந்த இணைப்பு உருவாவதில்லை. ஆசிரியரும் உடன் வந்து அமர்ந்து தாமும் படிப்பது, பிள்ளைகளுக்கு எந்த அறிவுரையையும்விடத் தெளிவாகப் புரியும்.

படி 7: பிள்ளைகளைக் கேட்டல்

சிரிக்கும் முகம், வாடிய முகம் அச்சிட்ட கேள்வித்தாளைச் சிறு வகுப்புகளில் கொடுத்தால், பெரும்பாலோர் சிரிக்கும் முகத்தையே வட்டமிடுவார்கள். கேட்பவரை மகிழ்விக்க விரும்பும் வயது அது. அதற்குப் பதிலாக, இரண்டிரண்டு பேராக நூலகத்தைச் சுற்றிவரச் சொல்லி, உனக்குப் பிடித்த இடத்தைக் காட்டு, நீ ஒருபோதும் போகாத இடத்தைக் காட்டு, உன் நண்பருக்கு ஒரு புத்தகம் தேடிக் கொடு என்று கேளுங்கள். மூன்றாவது வேலையைச் செய்யும்போது அவர்கள் எங்கே திகைத்து நிற்கிறார்கள் என்பதிலிருந்து நூலகத்தின் அமைப்பைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். மேல் வகுப்புகளில், இங்கே இல்லாத எந்தப் புத்தகம் வேண்டும் என்று பெயரில்லாத சீட்டில் எழுதி வாங்கலாம்.

படி 8: மாற்றங்களைத் தேர்ந்தெடுத்தல்

இதுவரை சேர்ந்த குறிப்புகளிலிருந்து இருபது குறைகளாவது கிடைக்கும். அவற்றுள் மூன்றை மட்டும் இந்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். செலவே இல்லாத ஒன்று, சிறு செலவில் முடியும் ஒன்று, நிர்வாகத்தின் முடிவும் நிதியும் தேவைப்படும் ஒன்று என்று தேர்ந்தெடுப்பது நல்லது. முதலாவது ஒரு மாதத்தில் முடிந்து, மற்றவற்றுக்கான நம்பிக்கையைத் தரும். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்த நாளுக்குள், மாறியதை எந்த எண்ணால் அறிவோம் என்பதை எழுத வேண்டும். "வாசிப்பு ஆர்வத்தை வளர்த்தல்" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. "மூன்றாம் வகுப்பில் ஒரு புத்தகமும் எடுக்காதவர்கள் 11-இலிருந்து 3-ஆகக் குறைய வேண்டும், அதற்காக அபராதத்தை நீக்கி, சிறப்பு வகுப்பின் நேரத்தை மாற்றுகிறோம்" என்பதைச் சரிபார்க்க முடியும். புதிய புத்தகங்களுக்கான தொகையில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் தேர்வுக்கே விட்டுவிடுங்கள்.

படி 9: மீண்டும் அளத்தலும் தெரிவித்தலும்

ஓராண்டு கழித்து, அதே மாதத்தில், அதே முறையில் மீண்டும் அளவிடுங்கள். தேர்வுக் காலத்தின் எண்ணையும் விடுமுறைக்குப் பிந்தைய எண்ணையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். மதிப்பெண் உயர்வை நூலகத்தின் சாதனையாக எழுதும் ஆசை எழலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கீத் கரி லான்ஸ் தலைமையில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வு, நல்ல பணியாளர்களும் தொகுப்பும் உள்ள பள்ளி நூலகங்களுக்கும் மாணவர்களின் தேர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொடர்பு என்பது பல பள்ளிகளை ஒருங்கே பார்க்கையில் தெரிவது. ஒரு பள்ளியின் ஓராண்டு மதிப்பெண் உயர்வுக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கக்கூடும். நூலகம் நேரடியாக மாற்றியவற்றை மட்டும் உரிமை கொண்டாடுவதே நேர்மையானது.

நிர்வாகத்துக்கு இரண்டு பக்கங்களில் அறிக்கை கொடுங்கள். என்ன கண்டோம், என்ன மாற்றினோம், எந்த எண் எவ்வளவு நகர்ந்தது, எது நகரவில்லை என்பவை அதில் இருக்கட்டும். நகராததை மறைக்காத அறிக்கையே அடுத்த ஆண்டின் நிதிக் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும். பிள்ளைகளுக்கான அறிக்கை ஒற்றைத் தாளில் நூலக வாசலில் இருக்க வேண்டும்: நீங்கள் பேய்க் கதை கேட்டீர்கள், இதோ இந்த அடுக்கில் இருக்கிறது, வரிசை நீளமாக இருக்கிறது என்றீர்கள், இனிக் கூடையில் போட்டால் போதும். அந்தத் தாளின் அடியில், அடுத்த முறை உங்களிடம் கேட்க வரும் நாள் இது என்று தேதியையும் எழுதி வையுங்கள்.